மஞ்சளின் மகிமையும் மாத்திரையின் விலையும்

காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியிலுள்ள ஐயம்பேட்டையிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். தஞ்சை ஜில்லாவிலும் ஓர் ஐயம்பேட்டை உண்டு. இது பட்டுத் தறிகளின் ஐயம்பேட்டை. நேயரின் குடும்பமும் பட்டு நெய்யும் குடும்பந்தான். அவர் கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று; மூன்றும் மஞ்சளைப் பற்றியவை.

முதலாவது: கல்யாணத்தில் உடுத்திய துணியில் மஞ்சள் பட்டுவிட்டால், சோப்புப் போட்டதும் கறை சிவந்து போகிறது, வெயிலில் உலர்த்தினால் தானே வெளுத்து மறைகிறது. காரணம் என்ன? இரண்டாவது: முப்பது வருஷம் தறிக்குழியில் காலை வைத்து நெய்த அவருடைய தகப்பனாருக்கு முழங்கால் வலி. 'குர்குமின்' என்ற மஞ்சள் சத்து மாத்திரையை ஒருவர் சிபாரிசு செய்கிறார். அதன் விலையோ வாரக் கூலியில் பெரும் பகுதியை விழுங்கும் போலிருக்கிறது. வாங்கலாமா? மூன்றாவது: உறவினரான ஓர் அம்மாளுக்கு மார்பில் புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. "ஆஸ்பத்திரியும் வேண்டாம், அறுவையும் வேண்டாம், மஞ்சளே குணப்படுத்தும் என்று அமெரிக்காக்காரனே எழுதியிருக்கிறான்" என்று சொல்லி, அவரை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

மூன்றாவது கேள்வி காத்திருக்கக் கூடியதன்று. ஆகையால் அதற்கு விடையை முதலில் சொல்லிவிடுகிறோம்: அந்த அம்மாளை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். காரணங்களைப் பின்னால் ஆற அமரப் படிக்கலாம்.

சுண்ணாம்பும் சூரியனும்

மஞ்சள் கிழங்கிற்கு அந்தப் பொன்னிறத்தைத் தருவது குர்குமின் என்ற பொருள். 1815-ம் வருஷத்தில் வோகல், பெல்லெட்டியே என்ற இருவர் அதைக் கிழங்கிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் அணுக்கள் எவ்வாறு கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டறிய ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. 1910-ல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டநெட்ஸ்கி, லாம்பே என்ற மூவர் அந்த அமைப்பை வெளியிட்டார்கள். நல்ல மஞ்சளில் இந்தப் பொருள் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மாவுப் பொருள், நார், வாசனைத் தைலம், ஈரம் முதலியவை.

குர்குமினுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. புளிப்புப் பொருளோடு சேர்ந்தால் அது மஞ்சளாகவே இருக்கும். காரப் பொருளோடு சேர்ந்தால் சிவந்துவிடும். நம் பெண்மணிகளுக்கு இது புதிய செய்தியன்று. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் செக்கச் சிவந்த நிறம் வருகிறதே, அது இந்த ரசாயனந்தான். குங்குமம் செய்வதும் இந்த வித்தையைக் கொண்டுதான். சோப்பு ஒரு காரப் பொருள். ஆகவே சோப்புப் பட்ட கறையும் ஆரத்தியைப் போலவே சிவக்கிறது. அதன்மேல் எலுமிச்சம் பழச் சாற்றைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

வெயிலில் மறைவது இன்னொரு காரணத்தால். படிகாரம் முதலிய துணைச் சரக்கு எதுவும் இல்லாமலே பட்டிலும் பருத்தியிலும் பிடித்துக் கொள்ளும் சாயங்களில் மஞ்சள் ஒன்று. ஆனால் பிடித்ததை நிலைநிறுத்த அதனால் முடியாது. வெளிச்சமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து குர்குமினை உடைத்துவிடுகின்றன. உடைந்த துண்டுகளுக்கு நிறமில்லை. நமக்குக் கறை போயிற்று என்ற மகிழ்ச்சி; சாயக்காரருக்குச் சாயம் போயிற்று என்ற துக்கம்!

பிராணவாயுவிடம் இப்படி எளிதில் அகப்பட்டுக் கொள்ளும் சுபாவத்தை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். மஞ்சளின் பெருமை, சிறுமை இரண்டும் இங்கிருந்தே பிறக்கின்றன.

துருவும் சிக்கும்

பிராணவாயு இல்லாவிட்டால் நாம் ஐந்து நிமிஷம் பிழைப்பது கடினம். ஆனால் இதே வாயுதான் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. நெய்யில் சிக்கு வாடையை உண்டாக்குகிறது. நறுக்கிய வாழைக்காயைக் கறுக்கச் செய்கிறது. உடம்புக்குள்ளும் அது சும்மா இருப்பதில்லை. உணவை எரித்துச் சக்தியாக்கும்போது, அடுப்பிலிருந்து தீப்பொறி பறப்பதைப்போல், மிகத் துடியான சில அணுக்கூட்டங்கள் உண்டாகின்றன. அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் சுட்டுவிடுகின்றன. இந்தப் பொறிகளைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தான் கெட்டு, மற்றதைக் காப்பாற்றும் பொருள்களுக்கு ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள் என்று பெயர். குர்குமின் அவற்றில் ஒன்று என்பதை 1976-ல் ஓ. பி. சர்மா ஆராய்ந்து எழுதினார். வெயிலில் துணியிலிருந்து மறையும் மஞ்சளும், சோதனைக் குழாயில் கொழுப்பைச் சிக்குப் பிடிக்காமல் காக்கும் மஞ்சளும் காட்டுவது ஏறக்குறைய ஒரே குணத்தை.

வேறு குணங்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1937-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஓப்பன்ஹைமர் என்பவர் பித்தப்பை நோயாளிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். 1949-ல் 'நேச்சர்' பத்திரிகையில், சில கிருமிகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது என்று ஷ்ராவுஃப்ஸ்டேட்டர், பெர்ன்ட் என்ற இருவர் தெரிவித்தார்கள். 1973-ல் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீமல், தவன் இருவரும் அது வீக்கத்தைத் தணிப்பதைப் பிராணிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். நம் பாட்டிமார் அடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டதற்கு விஞ்ஞானம் சாட்சி சொல்ல வந்தது என்றே கொள்ளலாம்.

பாட்டியின் சாட்சி செல்லாத நீதிஸ்தலம்

ஆனால் அந்தச் சாட்சி எழுத்தில் இருந்தாக வேண்டும் என்ற பாடத்தை நாம் 1990-களில்தான் கற்றுக் கொண்டோம்.

1995-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி அமெரிக்க சர்க்காரின் பேட்டண்டு இலாகா, 5,401,504 என்ற இலக்கமிட்ட உரிமை ஒன்றை வழங்கியது. உரிமை பெற்றது மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ மையம். உரிமை எதற்கு என்று கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள்: புண்ணின்மேல் மஞ்சள் வைத்து ஆற்றுவதற்கு! இதைக் கண்டுபிடித்ததாக விண்ணப்பித்த இருவரும் இந்திய வம்சத்தவரே என்பது வேடிக்கையின் உச்சம்.

நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் இதைச் சும்மா விடவில்லை. அப்போது அதன் தலைவராயிருந்தவர் டாக்டர் மஷேல்கர். 1996 அக்டோபரில் கவுன்ஸில் ஆட்சேபம் தாக்கல் செய்தது. "எங்கள் நாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே" என்ற வாதம் அங்கே எடுபடாது. முன்பே தெரிந்த விஷயம் என்பதற்கு அச்சிலோ ஏட்டிலோ ஆதாரம் காட்ட வேண்டும். ஸம்ஸ்கிருதம், உருது, ஹிந்தி முதலிய பாஷைகளிலுள்ள பழைய நூல்களும், இந்திய வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையுமாக 32 ஆதாரங்களைத் திரட்டி வைத்தார்கள். 1997 ஆகஸ்டில் பேட்டண்டு இலாகா, இது புதிய கண்டுபிடிப்பன்று என்று ஒப்புக்கொண்டு உரிமையைத் தள்ளிவிட்டது. ஒரு வளரும் நாட்டின் பாரம்பரிய அறிவை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்கப் பேட்டண்டு ஒன்று ரத்தானது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

அதன் பலனாக ஒரு நிரந்தர ஏற்பாடும் வந்தது. 2001 முதல் ஆயுர்வேதம், சித்தம், யூனானி நூல்களிலுள்ள யோகங்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய பாஷைகளில் பதிந்து, வெளிநாட்டுப் பேட்டண்டு அதிகாரிகள் பார்க்கும்படி பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம் என்ற ஒன்றை அமைத்தார்கள். பின்னர் 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த வெற்றியில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த வழக்கில் நிரூபிக்கப்பட்டது எது என்பதை மறந்துவிடக் கூடாது. மஞ்சளை நாம் முன்பே உபயோகித்தோம் என்பதுதான் நிரூபணமாயிற்று. மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாரும் அங்கே வாதிக்கவுமில்லை, தீர்ப்புக் கூறவுமில்லை. சொத்து நம்முடையது என்பது வேறு. சொத்தின் மதிப்பு இவ்வளவு என்பது வேறு. இரண்டையும் குழப்புகிறவர்கள்தாம் இன்று மாத்திரைக் குப்பிகளில் சுதேசப் பெருமையைச் சேர்த்து விற்கிறார்கள்.

குழாய்க்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம்

சோதனைக் குழாயில் புற்றுநோய் அணுக்களின்மேல் குர்குமினைக் கொட்டினால் அவை மடிவது உண்மை. ஆனால் மனிதன் குழாயல்லவே! குர்குமின் தண்ணீரில் கரையாது. விழுங்கியதில் பெரும் பகுதி குடலோடு வெளியேறிவிடுகிறது. உள்ளே புகுந்த சிறிதையும் குடலும் ஈரலும் உருமாற்றி அனுப்பிவிடுகின்றன. ரத்தத்தை ஒத்த காரமும் உடம்பின் சூடும் உள்ள நீர்க்கரைசலில் அதை வைத்தால் அரை மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைந்துவிடுவதாக ஆராய்ச்சி சொல்கிறது. துணியில் கண்ட அதே நிலையாமை இங்கேயும் கூட வருகிறது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுக்கு மிளகு கைகொடுத்தது. பெங்களூர் ஸெயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த சோதனை 1998-ல் வெளியாயிற்று. 2 கிராம் குர்குமினோடு மிளகின் சத்தாகிய பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததில், ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. மிளகும் மஞ்சளும் சேர்ந்த நம் சமையலின் பெருமைக்கு இதைச் சான்றாகக் கூறுவார்கள். கணக்கையும் சற்றுப் பார்ப்போம். ஒரு நாளில் ஒருவர் பங்குக்கு ஒரு கிராம் மஞ்சள் தூள் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 3 பங்கு வீதம் அதில் குர்குமின் 30 மில்லிகிராம். சோதனையில் கொடுத்த 2 கிராமை அடைய வேண்டுமானால் ஏறக்குறைய 67 கிராம் மஞ்சள் தூளை விழுங்க வேண்டும். ரசத்தில் போடும் சிட்டிகை, மருந்துச் சோதனையின் அளவுக்கு அருகிலும் வராது. அந்தச் சிட்டிகை உணவுக்கு நிறமும் மணமும் தருகிறது. அதுவே அதற்குப் போதுமான கௌரவம்.

2017-ல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானிகள் சிலர் குர்குமினைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டி மதிப்பிட்டார்கள். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைக் கணக்கெடுத்தும், கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனை எதிலும் அது வெற்றி பெற்றதாகத் தங்களுக்குத் தோன்றவில்லை என்று எழுதினார்கள். குர்குமினைப் பற்றி மிகுதியாக எழுதி வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்தின் பல கட்டுரைகளை, படங்களில் சந்தேகம் எழுந்ததால் பத்திரிகைகளே வாபஸ் வாங்கியதும் உண்டு. "அமெரிக்காக்காரனே எழுதியிருக்கிறான்" என்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அன்றோ?

முழங்காலுக்கு என்ன வழி?

ஆயினும் மஞ்சளை அடியோடு தள்ளிவிடுவதும் நியாயமன்று. முழங்கால் தேய்மானத்தில் அதற்குக் கொஞ்சம் நல்ல சாட்சி இருக்கிறது. தாய்லாந்தில் 367 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சத்தும், மற்றதற்கு 1,200 மில்லிகிராம் இபுபுரோஃபென் மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். வலி குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் பிரிவில் குறைவு. இது 2014-ல் வெளியாயிற்று. ஆனால் போலி மாத்திரைப் பிரிவு இதில் இல்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேருக்குப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 12 வாரம் சோதித்தார்கள். அதிலும் வலி ஓரளவு குறைந்தது. மூட்டுக்குள் கோத்திருந்த நீர் மட்டும் குறையவில்லை.

ஆகவே ஐயம்பேட்டை நேயருக்கு நாம் கூறுவது இது. மஞ்சள் சத்து வலியைச் சிறிது தணிக்கலாம். தேய்ந்த மூட்டை வளர்க்காது. சோதனைகள் சில வாரங்களுக்கானவை; வருஷக்கணக்கில் உண்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை உத்தரவாதமல்ல. தகப்பனார் ஏற்கெனவே உண்ணும் மருந்துகளைச் சொல்லி வைத்தியரைக் கலந்துகொள்ளாமல் மாத்திரை வாங்க வேண்டாம். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, பருமன் இருந்தால் அதைக் குறைத்தல், தறியிலிருந்து அடிக்கடி எழுந்து நடத்தல் ஆகிய மூன்றையும் முதலில் செய்து பார்க்கட்டும். இவற்றுக்குக் கூலியில் ஒரு காசும் செலவில்லை.

அளவும் ஆபத்தும்

குழம்பில் சேரும் மஞ்சளுக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. செறிவாக்கிய மாத்திரை வேறு ஜாதி. உணவு நிறப் பொருள்களை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 3 மில்லிகிராம் குர்குமின் வரை போகலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 180 மில்லிகிராம் ஆகும். மாத்திரைகள் இதைப் பல மடங்கு தாண்டுவது சகஜம். 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உண்டவர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி கண்டது. 2022-ல் அமெரிக்க ஈரல் வைத்தியர்கள் அத்தகைய 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் இறந்தே போனார். அவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட பரம்பரைக் கூறு காணப்பட்டது. நமக்கு அது உண்டா இல்லையா என்பது நெற்றியில் எழுதியிருப்பதில்லை. மிளகுச் சத்துச் சேர்ந்த மாத்திரையோ, வேறு மருந்துகளை உடம்பு கழிக்கும் வேகத்தையும் மாற்றிவிடும். ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், பித்தக் கல் உள்ளவர்களும் தாமாக அதைத் தொடலாகாது.

கடைத் தூளிலும் ஓர் ஆபத்து உண்டு. கண்ணைப் பறிக்கும் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற விஷச் சாயத்தைச் சில இடங்களில் பூசுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. பங்களா தேசத்தில் 2019-ல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் இது காணப்பட்டது. சர்க்கார் கடைகளைச் சோதித்து, குற்றவாளிகளைத் தண்டித்து, ஜனங்களுக்கும் எடுத்துச் சொன்னதில் 2021-ல் அது அறவே நின்றது. முயன்றால் முடியும் என்பதற்கு அண்டை நாடே சாட்சி. நம் நாட்டிலும் பாட்னாவில் வாங்கிய சில மாதிரிகளில் ஈயம் மிக அதிகமாக இருந்ததாக 2024-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. ஆகையால் விரலி மஞ்சளை வாங்குங்கள். மேல்தோல் மங்கலாகவும், ஒடித்தால் உள்ளே செவ்வண்ணப் பொன்னிறமாகவும் இருப்பதே இயற்கை. தோல் அளவு மீறிப் பளபளத்து, தேய்த்தால் விரலில் ஒட்டும் மஞ்சளை ஒதுக்கிவிடுங்கள். வீட்டிலேயே உலர்த்தி அரைத்து வையுங்கள்.

அந்த அம்மாளுக்கு

இனி, முதலிலே சொன்ன விடைக்குக் காரணம். 2018-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலை வைத்தியர்கள், குணப்படுத்தக் கூடிய நிலையில் புற்றுநோய் இருந்தும் முறையான சிகிச்சையை மறுத்து மாற்று வழிகளையே நம்பிய 281 பேரைச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மறுத்தவர்களுக்கு மரண அபாயம் 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக் கொண்டால் 5 மடங்குக்கும் அதிகம். காலம் கடத்துவதின் விலை இது. மஞ்சள் அவர்களைக் கொல்லவில்லை என்பது வாஸ்தவம். மஞ்சளைப் போன்ற ஒன்றை நம்பி வீட்டில் கழித்த மாதங்கள் கொன்றன.

ஐயம்பேட்டைக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சீபுரம் காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணா நினைவு அரசினர் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கலாம். சிகிச்சை நடக்கும் காலத்தில் குர்குமின் மாத்திரை உண்பதானால், அதையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சளை விட்டுவிடச் சொல்லி நாம் எழுதவில்லை. அந்த அம்மாள் மஞ்சள் பூசிக் குளித்து, குங்குமமிட்டுக் கொண்டு புறப்படட்டும். ஆனால் புறப்படுவது நாளைக் காலையிலேயே இருக்கட்டும்.